ஒக்டோபர் செய்தியும் பெப்ரவரிச் சட்டமும்

கேள்வி: அக்கா, நானும் மனைவியும் பாரிஸ் லாச்சப்பலில், ரூ காய் பக்கம் தொழில் செய்கிறோம். அவ தையல், நான் கலியாணவீடு, சாமத்தியவீடுகளுக்குப் படம் எடுக்கிறேன். இருவரும் மைக்ரோ என்ற சிறுதொழில் முறையில்தான் பதிந்திருக்கிறோம். ஒவ்வொரு ஒக்டோபரும் வட்ஸ்அப் முழுக்க ஒரே கதை. காஃப் உதவிக்காசை ஏத்த மாட்டாங்களாம், எல்லாரும் தேவேஆ வரி கட்டவேணுமாம், பட்ஜெட் விழுந்திட்டுதாம், இனி ஒண்டும் வராதாம் என்று. அப்பா 1964இல் பிறந்தவர். பென்சன் வயது குறைஞ்சிட்டுது என்று யாரோ சொன்னதை நம்பி நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில் ஒருவர், சட்டம் வர முதல் உங்கட பதிவை மாத்தித் தாறன் என்று காசு கேட்கிறார். எதை நம்புவது, என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் அந்த ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பார்க்கலாம்.

உங்களுக்கு வந்த செய்திகள் முழுப் பொய்யும் இல்லை. காஃப், தேவேஆ, பட்ஜெட் விழுந்தது எல்லாமே ஏதோ ஒரு நாளில் பாராளுமன்றத்தில் உண்மையாகப் பேசப்பட்டவைதான். அது எந்தப் படியில் நிற்கும் பேச்சு என்பதைத்தான் அனுப்பியவர் சொல்லவில்லை. இனி இப்படி ஏதாவது வந்தால், இது யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அரசின் கையிலா, தேசிய சபையிலா, செனட்டிலா, அல்லது அரச வர்த்தமானியான ஜூர்னல் ஒஃபிசியலில் அச்சாகிவிட்டதா? அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

எங்கள் ஆட்கள் இதில் தடுமாறுவதற்கு நியாயமான காரணம் உண்டு. ஊரில் நிதி அமைச்சர் பட்ஜெட் வாசித்தால், அன்றிரவே சாமான் விலை மாறியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். புதுச்சேரியிலிருந்து வந்த குடும்பங்களுக்கும் அப்படித்தான். சட்டமூலம் நிறைவேறும் முன்பே சுங்க வரி மாற்றங்களை வசூலிக்கத் தொடங்க இந்தியாவில் 1931 முதல் தனிச்சட்டமே இருக்கிறது. 2023இல் அதைப் புதுப்பித்தும் விட்டார்கள். பிரான்சில் பட்ஜெட் வாசித்த நாளில் உங்கள் வாழ்க்கையில் பெரும்பாலும் எதுவும் மாறாது. அன்றுதான் வேலையே தொடங்குகிறது.

அந்த வேலை நடக்கும் விதம் இதுதான். ஒக்டோபர் முதல் செவ்வாய்க்கிழமைக்குள் அரசு தன் நிதிச் சட்டமூலத்தைத் தேசிய சபையில் வைக்க வேண்டும். வைத்த நாளிலிருந்து பாராளுமன்றத்துக்கு 70 நாள். அதில் முதல் 40 நாள் தேசிய சபைக்கு, அடுத்த 20 நாள் செனட்டுக்கு. இரண்டு சபையும் ஒத்துவராவிட்டால் ஏழு தேசிய சபை உறுப்பினரும் ஏழு செனட்டரும் ஒரு குழுவாக உட்கார்ந்து பேசுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் கடைசிச் சொல் தேசிய சபையுடையது. அதன்பின் 60 உறுப்பினர்களோ 60 செனட்டர்களோ கேட்டால் அரசியலமைப்புச் சபை அதைப் பரிசோதிக்கும். குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டு ஜூர்னல் ஒஃபிசியலில் வந்தால்தான் அது சட்டம். எல்லாம் டிசம்பர் 31க்குள் முடிய வேண்டும் என்பது கணக்கு.

ஆனால் 2025க்கான பட்ஜெட்டும் 2026க்கான பட்ஜெட்டும் அந்தக் கணக்குக்குள் முடியவில்லை. இரண்டுமே பெப்ரவரியில்தான் சட்டமாயின. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத சபையில் இனியும் இப்படி நடக்கலாம். அதனால்தான் இந்தப் படிகளைத் தெரிந்து வைத்திருக்கச் சொல்கிறேன்.

பட்ஜெட் விழுந்தது என்று உங்களுக்கு வந்த செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 21ஆம் திகதி நள்ளிரவு தாண்டி, 2026 பட்ஜெட்டின் வருமானப் பகுதியைத் தேசிய சபை நிராகரித்தது. எதிராக 404 வாக்கு, ஆதரவாக ஒரே ஒரு வாக்கு. தலைப்பைப் பார்த்தவர்களுக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். வருமானப் பகுதி விழுந்தால் செலவுப் பகுதியை அந்தச் சபை எடுக்கவே முடியாது என்பது விதி. ஆகவே, அத்தனை நாள் சபை பேசிச் சேர்த்த திருத்தங்கள் எல்லாம் போய், அரசின் முதல் வரைவு அப்படியே செனட்டுக்குப் போனது. சட்டமூலம் சாகவில்லை. டிசம்பரில் செனட் அதை மாற்றி நிறைவேற்றியது, கூட்டுக்குழு தோற்றது, ஜனவரியில் பிரதமர் லெகோர்னு அரசியலமைப்பின் 49.3ஐப் பயன்படுத்தினார்.

தொலைக்காட்சியில் 'கறோந்த் நெஃப் துருவா' என்று சொல்வது இந்த 49.3ஐத்தான். வாக்கெடுப்பு இல்லாமலே சட்டமூலத்தை நிறைவேற்ற அரசு தன் பதவியைப் பணயம் வைக்கிறது. 24 மணி நேரத்துக்குள் குறைந்தது 58 உறுப்பினர்கள் கையெழுத்திட்டு நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவரலாம். அதற்கு 289 வாக்கு கிடைத்தால் அரசும் சட்டமூலமும் சேர்ந்து விழும். கிடைக்காவிட்டால் சட்டமூலம் நிறைவேறியதாகக் கொள்ளப்படும். 2026 பெப்ரவரி 2ஆம் திகதி அப்படித்தான் நிறைவேறியது. ஆகவே 49.3 என்ற செய்தி கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தப் பிரேரணையின் முடிவு வரும்வரை பொறுங்கள்.

அரசு விழுந்தால் காசு வராதா என்ற பயத்துக்கு 2024 டிசம்பர் நல்ல பதில். அந்த மாதம் 4ஆம் திகதி பிரதமர் பார்னியேயின் அரசு 331 வாக்குகளால் கவிழ்ந்தது. 1962க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. அதற்காக எந்தக் குடும்பத்துக்கும் காஃப் பணம் நிற்கவில்லை. பாராளுமன்றம் ஒரு விசேட சட்டத்தை நிறைவேற்றியது. பழைய வரிகளைத் தொடர்ந்து வசூலிக்கவும், ஏற்கெனவே ஒத்துக்கொண்ட செலவுகளைத் தொடரவும் அது வழிசெய்தது. பென்சனில் நடந்ததைப் பாருங்கள். பார்னியே அரசு அடுத்த ஆண்டுக்கான பென்சன் உயர்வைத் தள்ளிப்போட நினைத்திருந்தது. அரசு விழுந்ததால் அந்தத் திட்டமும் விழுந்தது. பழைய விதிப்படி 2025 ஜனவரி 1 முதல் பென்சன் 2.2 வீதம் கூடியது. 2025 டிசம்பரிலும் இதேபோன்ற விசேட சட்டம் வந்தது.

விசேட சட்டத்தால் பாதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிதாகத் தொடங்க வேண்டியவை பெரும்பாலும் நின்றுவிடும். வீட்டைப் புதுப்பிக்க அரசு தரும் மா பிரிம் றெனோவ் உதவிக்குப் புதிய விண்ணப்பம் எடுப்பதை 2026 ஜனவரி 1 முதல் நிறுத்திவைத்தார்கள். பட்ஜெட் சட்டமான பிறகுதான் திரும்பத் திறந்தார்கள். லா கூர்னேவ், சார்செல் பக்கம் பழைய வீடு வாங்கிய குடும்பங்களும், அந்த வீடுகளில் கட்டட வேலை செய்கிற எங்கள் பிள்ளைகளும் இதை உணர்ந்திருப்பார்கள். மன்றங்கள், தமிழ்ப் பாடசாலைகள் எதிர்பார்க்கும் அரச உதவிக்கும் இதே நிலைதான். கை நீட்டிக் கடன் வாங்கித் தொடங்க வேண்டிய வேலை எதுவும் இருந்தால், பட்ஜெட் இல்லாத ஜனவரியில் தொடங்காதீர்கள்.

இனி காஃப். இங்கே ஒரு விடயம் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு ஒக்டோபரும் ஒன்றல்ல, இரண்டு சட்டமூலங்கள் வருகின்றன. ஒன்று அரசின் நிதிச் சட்டமூலம். மற்றது சமூகப் பாதுகாப்புக்கான நிதிச் சட்டமூலம். அது 1996இல் அரசியலமைப்பைத் திருத்தியபிறகு வந்தது, அதற்கு 50 நாள்தான் அவகாசம். பிள்ளைகளுக்கான அலொக்காசியோன், பென்சன், கார்த் விதால் மருத்துவச் செலவு எல்லாம் இந்த இரண்டாவதில். வாடகைக்கு வரும் ஆபேயெல், குறைந்த சம்பளக்காரருக்கு வரும் பிரிம் தக்திவிதே, விசா இல்லாதவர்களுக்கான ஆஎம்இ மருத்துவ உதவி ஆகியவை முதலாவதில். ஆபேயெல்லும் பிள்ளைக்காசும் ஒரே காஃப் கணக்கிலிருந்து உங்கள் வங்கிக்கு வருவதால் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறோம். காஃப் கொடுப்பனவு பற்றி ஏதாவது கேள்விப்பட்டால், எந்தக் கொடுப்பனவு என்று முதலில் பிரித்துக் கேளுங்கள். ஒன்று விழுந்தால் மற்றதும் விழும் என்றில்லை. 2025 டிசம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டமூலம் 247க்கு 232 என்ற வாக்கில் நிறைவேறியது. அதே மாதம் அரசின் பட்ஜெட் தடக்கி நின்றது.

காஃப் காசை ஏத்த மாட்டாங்கள் என்ற செய்தியும் அங்கிருந்துதான் வந்தது. பென்சனையும் கொடுப்பனவுகளையும் 2026 முழுவதும் ஏற்றாமல் உறையவைப்பது ஒக்டோபர் வரைவில் இருந்தது. டிசம்பரில் சட்டமானபோது அது இல்லை. 2026 ஜனவரியில் பென்சன் 0.9 வீதம் கூடியது. ஒக்டோபரில் அழுதவர்களில் எத்தனைபேர் ஜனவரியில் கணக்கைத் திறந்து பார்த்தார்கள்?

தேவேஆ கதை இதற்கு நேர் எதிர். உங்கள் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மைக்ரோவில் இருப்பவர் சேவைத் தொழிலில் ஆண்டுக்கு 37,500 யூரோ வரையும், பொருள் விற்பனையில் 85,000 யூரோ வரையும் தேவேஆ வாங்காமல் தொழில் செய்யலாம். 2025 பட்ஜெட் செனட்டில் இருந்தபோது, அரசே ஒரு திருத்தம் கொண்டுவந்து இந்த எல்லையை எல்லோருக்கும் 25,000 ஆக்கியது. ஒக்டோபர் செய்திகளில் இது இல்லை. யாரும் முன்னெச்சரிக்கை செய்யவில்லை. பெப்ரவரியில், மார்ச் 1 முதல் அமுல் என்று வந்தபோதுதான் நாடு முழுக்கச் சின்னத் தொழில்காரர் கொதித்தார்கள்.

உங்களை வைத்தே கணக்குப் பார்ப்போம். ஒரு கலியாணப் படப்பிடிப்புக்கு 1,200 யூரோ வாங்குகிறீர்கள், ஆண்டுக்கு 30,000 வருகிறது என்று வைப்போம். எல்லை 25,000 ஆனால் நீங்கள் 20 வீதம் தேவேஆ போட வேண்டும். கலியாணவீட்டுக்காரரிடம் 1,440 கேட்கலாம். அவர்கள் பேரம் பேசி 1,200க்கே நின்றால் உங்கள் கையில் நிற்பது 1,000. கமெரா வாங்கியபோது கட்டிய தேவேஆவைத் திரும்பப் பெறலாம் என்பது உண்மை. ஆனால் தையலிலும் படப்பிடிப்பிலும் விற்பது பெரும்பாலும் உழைப்பு. உழைப்புக்குத் திரும்பப் பெற எதுவும் இல்லை.

எதிர்ப்பைக் கண்டு பொருளாதார அமைச்சு அந்த விதியை உடனே நிறுத்திவைத்தது. பிறகு ஆண்டு முடிவு வரை தள்ளியது. ஜூனில் தேசிய சபை அதை நீக்க வாக்களித்தது, செனட்டும் சம்மதித்தது, 2025 நவம்பரில் அந்த விதியை ரத்துச் செய்யும் தனிச்சட்டம் வந்தது. பெப்ரவரியில் அவசரப்பட்டு மைக்ரோவை மூடியவர்களும், யாரோ சொன்னார் என்று காசு கொடுத்துப் பதிவை மாற்றியவர்களும் அந்தக் காசைத் திரும்பப் பெறவில்லை. உங்களிடம் பேசிய ஆள் விற்பதும் இதே பயத்தைத்தான். 2026 வரைவிலும் வேறு எல்லைகளோடு இதே யோசனை திரும்ப வந்தது. ஆகவே அடுத்த முறையும் வரும் என்று எதிர்பாருங்கள். உங்கள் ஆண்டு வருமானத்தை மாதாமாதம் ஒரு கொப்பியில் கூட்டி வையுங்கள். எல்லை எதுவானாலும் அதற்கு எவ்வளவு கிட்ட நிற்கிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

விசா, குடியுரிமை முத்திரைக் கட்டணங்களிலும் இதே ஆட்கள் இதே வேலையைச் செய்கிறார்கள். 55 யூரோவாக இருந்த குடியுரிமை விண்ணப்ப முத்திரையைப் பலமடங்கு உயர்த்தும் யோசனை 2026 பட்ஜெட் விவாதத்தில் எழுந்தது. அப்படியான நேரத்தில், முன்பணம் தந்தால் பழைய விலைக்கு முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முத்திரையை நீங்களே அரச தளத்திலோ தபாக் கடையிலோ வாங்கலாம். அன்றைய தொகை 'செர்விஸ் பப்ளிக்' தளத்தில் இருக்கும்.

சட்டமா இல்லையா என்று நீங்களே பார்ப்பது கடினமில்லை. வட்ஸ்அப்பில் வந்த படத்தில் 'புறொழே து லுவா' என்று இருந்தால் அது வரைவு. 'அமந்துமோன்' என்றால் யாரோ ஒருவர் முன்வைத்த திருத்தம். அப்படி ஆயிரக்கணக்கில் வந்து, பெரும்பாலானவை போய்விடும். 'லுவா' என்ற சொல்லுக்குப் பின் இலக்கமும் திகதியும் இருந்தால் அது சட்டம். 2025 பட்ஜெட் 2025-127 என்ற இலக்கத்தில், 2025 பெப்ரவரி 14 திகதியிட்டு வந்தது. அந்த இலக்கத்தை அரசின் சட்டத் தளமான லெஜிஃபிரான்ஸில் அடித்தால் முழு வாசகமும் வரும், காசில்லாமல். அதில் உங்களுக்கு வேண்டிய பிரிவைக் கண்டுபிடித்து, எந்த நாளிலிருந்து அமுல் என்ற வரியை மட்டும் பாருங்கள். பிரெஞ்சு வாசிக்கச் சிரமம் என்றால் கொலேஜில் படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள். பெரிய முடிவு என்றால் பதிவுபெற்ற கணக்காளரிடம் (கொம்தாபிள்) போங்கள். இரசீது தராதவரிடம் போகாதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. செய்தியைப் பார்த்துப் பயப்படுவதோடு எங்கள் வேலை முடிந்துவிடக் கூடாது. லாச்சப்பல் இரண்டு தொகுதிகளில் விழுகிறது. லாச்சப்பல் பூல்வாருக்குத் தெற்கே, ரூ காயும் ஃபோபூர் சென் தெனியும் பத்தாம் வட்டாரம். 2024 தேர்தலில் அங்கே தெரிவான தேசிய சபை உறுப்பினர் பூரியா அமீர்ஷாஹி. வடக்கே, பிள்ளையார் கோயில் இருக்கும் ரூ பஜோல் பக்கம் பதினெட்டாம் வட்டாரம். அங்கே டேனியல் ஒபோனோ. அவர்களிடம் போவதற்குப் பிரெஞ்சுக் குடியுரிமை தேவையில்லை. தொகுதி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம், நேரம் கேட்டுப் போய்ப் பேசலாம். நிதிக்குழு வேலையைத் தொடங்கும் ஒக்டோபர் நடுப்பகுதிதான் சரியான நேரம். டிசம்பரில் போனால் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

என்ன கேட்பது என்பதும் முக்கியம். அரசியலமைப்பின் 40ஆம் பிரிவின்படி, செலவைக் கூட்டும் திருத்தத்தை உறுப்பினர் கொண்டுவர முடியாது. 'காஃப் காசைக் கூட்டித் தாங்கோ' என்று கேட்டால், அவர் விரும்பினாலும் அவர் திருத்தம் வாசலிலேயே நிராகரிக்கப்படும். ஒரு வெட்டை எதிர்க்கும்படி கேட்கலாம். ஒரு வரிப்பிரிவை நீக்கும்படியும் கேட்கலாம். அதற்கு ஈடாக வேறொரு வரியைக் கூட்டுவதாக எழுதினால் போதும், வழக்கமாகப் புகையிலை வரியை எழுதுவார்கள். ஒரு பக்கக் கடிதம், பிரெஞ்சில். சட்டமூலத்தில் எந்தப் பிரிவு என்ற இலக்கம். உங்கள் தொழிலில் அது எத்தனை யூரோ என்ற கணக்கு. மேலே நான் போட்ட 1,200, 1,440, 1,000 என்ற கணக்கைப் போல. தெருவில் பத்துக் கடைக்காரர் தனித்தனியே எழுதினால் அந்த அலுவலகத்தில் அதை எடுத்துப் படிப்பார்கள். தேவேஆ விதியைத் திருப்பியது அப்படிப்பட்ட கடிதங்களும் கையெழுத்துகளும்தான். அதில் லாச்சப்பலின் குரல் போதாது என்பது என் மனத்தாங்கல்.

கடைசியாக அப்பா. அவர் கேள்விப்பட்டது சட்டமாகிவிட்டது. பென்சன் வயதை உயர்த்தும் சீர்திருத்தத்தை 2028 ஜனவரி வரை நிறுத்திவைக்கும் பிரிவு, 2025 டிசம்பரில் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதன்படி 1964இல் பிறந்தவர் 63 வயதுக்குப் பதிலாக 62 வயதும் 9 மாதமும் ஆனதும் போகலாம். முழு வீதத்துக்குத் தேவையான காலாண்டுகள் 171 அல்ல, 170. இதுவரை நல்ல செய்தி.

ஆனால் 170 காலாண்டு என்றால் 42 வருடமும் ஆறு மாதமும். 24 வயதில், 1988இல் பிரான்சுக்கு வந்து, வந்த நாள் முதல் ஒரு நாள் விடாமல் பதிவில் வேலை செய்தவருக்குக்கூட 62 வயதும் 9 மாதமும் ஆகும்போது ஏறக்குறைய 156 காலாண்டுதான் இருக்கும். குறையும் 14 காலாண்டுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1.25 வீதம் வெட்டு. 50 வீதமாக இருக்க வேண்டிய பென்சன் 41.25 வீதமாகும். அதன்மேல் 156/170 என்று இன்னொரு முறை குறையும். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் வரும். 67 வயதுவரை பொறுத்தால் காலாண்டு குறைந்தாலும் அந்த முதல் வெட்டு இல்லை. எங்கள் முதல் தலைமுறையில் பெரும்பாலானவர்களுக்கு 62ஐவிட 67தான் முக்கியமான வயது. தொலைக்காட்சி விவாதங்களில் இது அதிகம் பேசப்படவில்லை, ஏனென்றால் அது பெரும்பாலும் இங்கே பிறந்து இங்கே வேலை தொடங்கியவர்களைப் பற்றிய விவாதம்.

ஆகவே அப்பாவை நாள் எண்ண விடாதீர்கள். இந்த வாரமே அவருடைய வேலைக்காலப் பதிவான 'றெலெவே து கரியேர்' பத்திரத்தை ஓய்வூதியத் தளத்திலிருந்து எடுத்து, வருடம் வருடமாக அவரோடு இருந்து பாருங்கள். அகதி வழக்கு நடந்தபோது வேலை செய்ய முடியாத காலமும், உணவகச் சமையலறையில் நுவாரில், பதிவில்லாமல், செய்த வேலையும் அதில் இருக்காது. பதிவில் வேலை செய்தும் விடுபட்ட வருடம் ஏதாவது இருந்தால், பழைய சம்பளத் துண்டைக் காட்டிச் சேர்க்கலாம். அந்தத் துண்டுகள் வீட்டில் எங்கே இருக்கின்றன என்று அம்மாவைக் கேளுங்கள்.